மருந்தாகும் உணவுகள்: ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள், பூண்டு, இஞ்சி, தேன், வெந்தயம் என்று உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் பொருள்களைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று ஒரு பக்கம் கொண்டாடுகிறார்கள், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொரு பக்கம் ஒதுக்குகிறார்கள். இரண்டு பேரும் பெரும்பாலும் அந்தக் கட்டுரைகளைப் படித்திருப்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்ததுதானே? அதற்கு மேல் ஆய்வு எதற்கு?

நியாயமான கேள்வி. நீண்ட காலப் பழக்கம் ஒரு வகையான சோதனைதான். ஒரு கீரையைத் தின்றவுடன் வாந்தி எடுத்தால், மயக்கம் வந்தால், அந்தக் கீரை அடுத்த தலைமுறைக்குப் போகாது. உடனே தெரியும் கெடுதலை அனுபவம் நன்றாகவே வடிகட்டிவிடும்.

மெதுவாக வரும் கெடுதல் அப்படிச் சிக்காது. அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள் பல நாட்டு மருத்துவ முறைகளில் நூற்றாண்டுகளாக இருந்தவை. 1993-ல் பெல்ஜியத்தில், எடை குறைக்க ஒரு மூலிகைக் கலவையைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போவதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கலவையில் இருந்த அரிஸ்டோலோக்கியாதான் காரணம் என்று பின்னர் தெளிவானது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் அதனால் வரும். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பல ஆண்டுகள் கழித்து நோய் வந்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எந்த வீட்டிலும் யாராலும் முடியாது. அதற்குக் கணக்கு வைத்துக்கொண்டு பல பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு வேண்டும்.

பலன் விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. சளி தானாகவே சில நாளில் போய்விடும். மூட்டுவலி கூடும், குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். அதற்குப் பிறகு குறைவது இயல்பாகவே நடக்கும், பெயர் மட்டும் கடைசியாகச் சாப்பிட்ட பொருளுக்குப் போகும். ஆகவேதான் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு தேவைப்படுகிறது.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் இதைச் செய்து பார்த்தார். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு வெவ்வேறு வைத்தியம் கொடுத்தார். ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர் ஆகியவை நான்கு ஜோடிகளுக்கு. ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் வேறு சிலவும் சேர்த்து அரைத்த லேகியம், ஜாதிக்காய் அளவு, தினம் மூன்று வேளை. கடைசி ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. பழம் ஆறு நாளில் தீர்ந்துபோனது. அதற்குள் பழம் சாப்பிட்டவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். லேகியம் தோற்றது. அன்று ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்காவிட்டால் ஆறுமே நல்ல மருந்து என்றுதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதே லிண்ட், பழச்சாறு கெடாமல் இருக்க அதைச் சூடாக்கிச் சுண்டவைத்து எடுத்துப் போகலாம் என்றும் பரிந்துரைத்தார். சூட்டில் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பொருள் சரியாக இருந்தும் பக்குவம் தவறினால் பலன் போய்விடும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று ஆய்வில் நிரூபணம்" என்று செய்தி வருகிறதே?

செல்களை எங்கே வைத்துக் கொன்றார்கள் என்று பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களின் மேல் ஒரு சாற்றை நேரடியாக ஊற்றினால் செல் சாவது பெரிய அதிசயம் இல்லை. உப்புக் கரைசலை அடர்த்தியாக ஊற்றினாலும் சாகும். நாம் விழுங்கும் பொருள் இரைப்பை அமிலத்தைத் தாண்ட வேண்டும், குடல் சுவரில் நுழைய வேண்டும், கல்லீரல் அதை உடைத்துவிடாமல் தப்ப வேண்டும், அதன் பிறகு வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவில் போய்ச் சேர வேண்டும். தட்டில் வேலை செய்வதில் பெரும்பகுதி இந்த வழியிலேயே தொலைந்துபோகிறது.

எலி ஆய்வு அடுத்த படி. அங்கேயும் எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்கு மாற்றிப் பார்த்தால் பல சமயம் யாராலும் சாப்பிட முடியாத அளவாக வரும். மனிதர்களிடம், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மைப் பொருளும் இன்னொன்றுக்கு அதேபோல் தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுத்து, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைதான் ஓரளவு நம்பிக்கையோடு பேச இடம் கொடுக்கும்.

மஞ்சள் பற்றிச் சொல்லுங்கள். அதில்தான் அதிக ஆய்வு நடந்திருக்கிறதாமே?

நடந்திருக்கிறது. பலருக்கும் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சளின் நிறத்துக்கும் புகழுக்கும் காரணமான குர்குமின், மஞ்சள்தூளில் எடையில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 100 மில்லிகிராம். சோதனைகளில் பெரும்பாலும் கொடுப்பது 500 மில்லிகிராமில் தொடங்கிப் பல கிராம் வரை. அதுவும் இரத்தத்தில் சரியாக ஏறுவதில்லை. குடலிலும் கல்லீரலிலும் வேகமாக மாற்றமடைந்து வெளியேறிவிடுகிறது. மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம், 2 கிராம் குர்குமினோடு சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சுதல் சுமார் 20 மடங்கு கூடியது என்று 1998-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. "மஞ்சளோடு மிளகு" என்ற அறிவுரை இன்று இவ்வளவு பரவியதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். ஆனால் மிக மிகக் குறைவானது 20 மடங்கு ஆனாலும் குறைவாகவே இருக்கலாம். இரத்தத்தில் ஏறியது என்பதால் நோய் குணமாகும் என்றும் ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் தானே ஒளிரும் பொருள், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு இருக்கிறது. ஆய்வகச் சோதனைகள் பலவும் ஒளியை அளந்தே முடிவு சொல்கின்றன. அதனால் வேலை செய்யாத இடத்திலும் வேலை செய்வதுபோல் காட்டிவிடும். 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும், வெற்றுப் பொருளோடு ஒப்பிட்ட இருதரப்பும் அறியாச் சோதனை ஒன்றுகூடத் தெளிவான வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு. எல்லோரும் இதை அப்படியே ஏற்கவில்லை. முழங்கால் தேய்மான வலியில் ஓரளவு பலன் இருப்பதாகச் சில சோதனைகள் சொல்கின்றன, அவை பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை.

சமையலில் மஞ்சள் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. சுவைக்கும் நிறத்துக்கும் தாராளமாகப் போடுங்கள். உறிஞ்சுதலைக் கூட்டித் தயாரித்த மஞ்சள் கேப்சூல்களில்தான் கவனம் வேண்டும். இத்தாலியில் 2019-ல் இத்தகைய பொருள்களைச் சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சி வரிசையாகப் பதிவானது, அமெரிக்காவிலும் அதே போன்ற பதிவுகள் உள்ளன. கலப்படம் வேறு: நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் சேர்த்த மஞ்சள் வங்கதேசத்தில் பரவலாக இருந்ததை ஆய்வாளர்கள் 2019-ல் வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்த பிறகு, 2021-ல் எடுத்த மாதிரிகளில் அது காணப்படவில்லை. உணவு பற்றிய ஆய்வு நேரடியாக உயிர்களைக் காப்பாற்றியது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

பூண்டு கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?

இதைச் சோதிப்பது எவ்வளவு சிரமம் என்பதைச் சொன்னால்தான் பதில் புரியும். பூண்டின் பலனுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பொருள் அல்லிசின். பூண்டுப் பல் முழுதாக இருக்கும்போது அது அதில் இருக்காது. நசுக்கும்போது இரண்டு அறைகளில் பிரிந்திருந்த பொருள்கள் கலந்து அல்லிசின் உண்டாகிறது. நசுக்கியவுடனே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். ஆகவே பச்சையா, பொடியா, பதப்படுத்தியதா என்பதைப் பொறுத்து "பூண்டு" என்பதே வேறு வேறு பொருளாகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-ல் வெளியான சோதனை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மிதமாகக் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்த 192 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: பச்சைப் பூண்டு, பூண்டுப்பொடி மாத்திரை, நாள்பட ஊறவைத்த சாற்று மாத்திரை, வெற்றுப் பொருள். பச்சைப் பூண்டை மறைத்துக் கொடுக்க சாண்ட்விச் தயாரித்து அதற்குள் வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு பல் அளவு, வாரத்தில் ஆறு நாள், ஆறு மாதம். மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. முடிவு: எந்தக் குழுவிலும் கெட்ட கொலஸ்ட்ரால் குறிப்பிடும்படி குறையவில்லை.

இரத்த அழுத்தம் வேறு கதை. ஏற்கெனவே அழுத்தம் கூடியிருப்பவர்களிடம் பூண்டு மாத்திரைகள் ஓரளவு அதைக் குறைப்பதாகப் பல சிறு சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தை நிறுத்திவிட்டுப் பூண்டுக்கு மாறும் அளவுக்கு அது போதாது.

அப்படியானால் எதற்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது?

இருக்கிறது. எந்தக் குறைக்கு, எந்த வடிவில் என்று குறுகலாகக் கேட்டால் நல்ல பதில்கள் வருகின்றன.

குழந்தைகளின் இரவு நேர இருமலுக்குத் தேன். 2007-ல் அமெரிக்காவில் 105 குழந்தைகளிடம், படுக்கும் முன் ஒரே ஒரு முறை தேன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே கொடுக்காத குழுவைவிட இருமலும் தூக்கமும் மேம்பட்டதாகப் பெற்றோர் மதிப்பிட்டார்கள். பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. பலன் சில நாளுக்கு, அளவு மிதமானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரந்து, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும். நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் அடங்கும்.

கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி. நாளுக்கு சுமார் ஒரு கிராம் உலர் இஞ்சிப்பொடி அளவில் பல சோதனைகள் நடந்து, குமட்டல் குறைவதாகக் காட்டியிருக்கின்றன. வாந்தி எத்தனை முறை வருகிறது என்பதில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை.

இசப்கோல் உமியும் ஓட்ஸும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும். இவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. பித்தத்தை மறுபடி தயாரிக்க உடல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. யாரும் பெரிதாகப் பேசாத இவற்றுக்குத்தான், புகழ்பெற்ற மூலிகைகள் பலவற்றையும்விட உறுதியான ஆதாரம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக அநியாயமாகப் புறக்கணிக்கப்பட்டது நார்ச்சத்துதான்.

சர்க்கரை நோய்க்கு வெந்தயம், பாகற்காய், இலவங்கப்பட்டை?

வெந்தயத்துக்கு அடிப்படை இருக்கிறது. அதன் கொழகொழப்பான நார் மாவுச்சத்து உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். 1990-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வில் கொடுத்தது, கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராம். ஒரு கரண்டியை ஊறவைத்து விழுங்கிவிட்டு அந்த ஆய்வின் முடிவை எதிர்பார்ப்பது பொருந்தாது.

பாகற்காய்: மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வு, இதுவரை நடந்த சோதனைகளை வைத்து ஆம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இலவங்கப்பட்டையில் 2003-ல் 60 பேரிடம் நடந்த சோதனை பெரிய பலனைக் காட்டி உலகெங்கும் செய்தியானது, பின்னால் வந்தவை அதே பலனை ஒரே சீராகக் காட்டவில்லை. மூன்றிலும் அதே இரண்டு ஆபத்துகள்: சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து அதிகம் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம், மாத்திரையை விட்டுவிட்டு இவற்றை மட்டும் நம்பினால் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடலாம். இரண்டாவதை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

இயற்கையான பொருளுக்குப் பக்கவிளைவு கிடையாதே?

விளைவு இருந்தால் பக்கவிளைவும் இருக்கும்.

அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், வயிற்றுப் புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்து, புண் ஆறுவதைக் கண்டார். கூடவே பலருக்கு முகமும் கைகாலும் வீங்குவதையும் கண்டார். அதிமதுரத்தின் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதியைத் தடுக்கிறது. உடல் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நாள்தோறும் நிறையச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

காசியா வகை இலவங்கப்பட்டையில் கல்லீரலைப் பாதிக்கும் கூமரின் அதிகம். 60 கிலோ எடையுள்ளவர் தினம் தினம் 2 கிராமுக்கு மேல் சாப்பிட்டால் பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடும். கிரீன் டீயைக் குடிப்பதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதன் சாற்று மாத்திரைகளில், அதன் முக்கியச் சேர்மமான இஜிசிஜி நாளுக்கு 800 மில்லிகிராம் அளவை எட்டினால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது.

சிவப்பு ஈஸ்ட் அரிசி கொலஸ்ட்ராலை உண்மையாகவே குறைக்கும், ஏனென்றால் அதில் உள்ள மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஒரே மூலக்கூறு. மருந்து வேண்டாம் என்று இதைச் சாப்பிடுபவர் அளவு தெரியாத மருந்தைத்தான் சாப்பிடுகிறார். 2024-ல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தயாரிப்பின்போது புகுந்த வேறொரு பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு அதில் கண்டறியப்பட்டது.

உணவில் நல்லது என்றால், அதையே சாறாக்கி மாத்திரையாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே?

காய்கறி பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அதிலுள்ள பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து, ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் *அதிகமாக* வந்திருந்தது.

நேற்று இல்லை என்றார்கள், இன்று இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

கிரான்பெரிச் சாறு சிறுநீர்த் தொற்றைத் தடுக்குமா என்று 2012-ல் காக்ரேன் ஆய்வாளர்கள் சோதனைகளைத் தொகுத்தபோது, பலன் உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். 2023-ல் 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அபாயம் சுமார் கால்பங்கு குறைகிறது என்று மாற்றிக்கொண்டார்கள். தரவு கூடியது, பதில் மாறியது. வந்த தொற்றை அது குணப்படுத்தும் என்று இதற்குப் பொருள் இல்லை.

ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் இதயத்துக்கு நல்லது என்று காட்டிய ஸ்பெயின் ஆய்வு 2013-ல் வந்தது. குழு பிரித்ததில் சில மையங்களில் விதி மீறப்பட்டது தெரிந்ததும் 2018-ல் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். பலன் ஏறக்குறைய அப்படியே நின்றது, உறுதியான சொற்கள் மட்டும் தணிந்தன. இப்படித் திருத்திக்கொள்ளும் துறையைத்தான் நான் நம்புவேன்.

பாரம்பரிய அறிவை அறிவியல் மட்டம் தட்டுகிறதா?

மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூ, பழைய மருத்துவக் குறிப்புகளைத்தான் புரட்டினார். அவர் குழு எடுத்த அர்ட்டிமீசியா செடியின் சாறு ஒரு நேரம் வேலை செய்தது, ஒரு நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹொங் எழுதிய குறிப்பில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று து யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானில் சாறு இறக்கினார், மருந்து சிக்கியது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே குடித்துப் பார்த்தார்கள். அர்ட்டிமிசினின் பிறந்தது, 2015-ல் நோபல் பரிசு வந்தது.

பழைய குறிப்பு இல்லாமல் அந்த மருந்து இல்லை. பிரித்தெடுத்து, அளவு கண்டு, சோதித்திருக்காவிட்டாலும் இல்லை. இன்றும் அந்தச் செடியின் தேநீரை மலேரியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. அதில் மருந்தின் அளவு ஒரே மாதிரி இருக்காது, அரைகுறை அளவு நோய்க்கிருமிக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துவிடும். பாரம்பரியத்தை மதிப்பது என்றால் அது சொல்வதைச் சோதிக்கும் அளவுக்கு அக்கறையாக எடுத்துக்கொள்வது என்றே நான் நினைக்கிறேன்.

நான் சாப்பிடும் கைவைத்தியத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? திட்டுவாரே?

சொல்லுங்கள். திட்டினாலும் சொல்லுங்கள். 1989-ல் கனடாவில் ஓர் இரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் எகிறியது. தேடிப் பார்த்தால் காரணம் அந்தப் பழச்சாறு. ஒரு பழம் மருந்தை இப்படி மாற்றும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கக் கூடாது. அத்தகைய மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதன் வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் பூண்டு மாத்திரையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

"ஏதோ கஷாயம் குடிக்கிறேன்" என்று சொல்லாமல், டப்பாவையே கையோடு எடுத்துப் போங்கள். என்ன பொருள், நாளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று வரி எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து நீட்டினால் போதும்.